பத்துக்குப் பத்து அடியில் ஒரு காட்டுப்பூத் திட்டு

கடைகளில் 'காட்டுப்பூ விதைக் கலவை' என்று விற்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் காஸ்மாஸ், ஜின்னியா என்றுதான் இருக்கும். இரண்டுக்கும் சொந்த ஊர் மெக்சிகோ. பூக்கும், தேனும் தரும். ஆனால் பட்டாம்பூச்சிக்குத் தேன் மட்டும் போதாது. முட்டையிட அதனதன் செடி வேண்டும். அது நம் தெருவோரத்திலேயே இருக்கிறது, காசும் கிடையாது.

1. இடம்

பாதி நாளாவது வெயில் விழும் இடம் வேண்டும். மண் சத்தில்லாததாக இருந்தால் ரொம்ப நல்லது. எரு, மண்புழு உரம் எதுவும் போடாதீர்கள். காய்கறித் தோட்டம் போட்டுப் பழகியவர்களுக்குக் கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் மண்ணில் சத்து ஏறினால் முதலில் கொழுப்பது புல்தான். தும்பையும் விஷ்ணுகிரந்தியும் அதன் நிழலில் காணாமல் போகும். ஆவாரையும் கொழுஞ்சியும் சரளை மண்ணிலேயே வளர்கிறவை.

2. விதை சேகரிப்பு

மார்கழி முதல் மாசி வரை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தால் போதும். கிலுகிலுப்பைக் காயை ஆட்டும்போது உள்ளே சத்தம் கேட்டால் விதை தயார். ஒரு செடியில் கொஞ்சமாக எடுங்கள், வேரோடு பிடுங்க வேண்டாம். காப்புக்காட்டுக்குள் போய் எடுப்பது கூடவே கூடாது.

நான் சேர்ப்பவை இவை:

- ஆவாரை: இளம்பச்சை கலந்த வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் இதன் இலையில் முட்டையிடும். பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். மகரந்தப்பையின் நுனியில் சின்ன ஓட்டை. பெரிய கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு 'ரீ'ங்கென்று அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். பக்கத்தில் நின்றால் அந்தச் சத்தம் காதில் விழும்.
- எருக்கு: ஓரத்தில் ஒன்று போதும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிடுவது இதில்தான். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
- கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு: காய்ந்த தண்டிலும் இலையிலும் வரியன் வகை ஆண்கள் கூட்டமாக மொய்க்கும். அதிலிருந்து உறிஞ்சும் வேதிப்பொருளைக் கொண்டுதான் இணையைக் கவரும் வாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. கிலுகிலுப்பையில் நஞ்சு உண்டு. ஆடு மாடு மேயும் இடமானால் வேலி போடுங்கள்.
- தும்பை, கொழுஞ்சி, சங்குப்பூ, விஷ்ணுகிரந்தி: நிறத்துக்கும் தேனீக்களுக்கும்.

3. களை எடுப்பு

அவசரப்பட்டால் கெட்டுப்போகும் கட்டம் இது. புரட்டாசியில் ஒரு நல்ல மழை பெய்யட்டும். மண்ணில் கிடக்கும் களை விதையெல்லாம் முளைக்கும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள். கோரை இருந்தால் மேலே செதுக்கிப் பயனில்லை. கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும்.

4. விதைப்பு

ஆவாரை, கிலுகிலுப்பை, கொழுஞ்சி, சங்குப்பூ நான்குக்கும் விதைத்தோல் கெட்டி. கரடு மணலோடு சேர்த்து நன்றாகத் தேய்த்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்தால் ஒன்றுபோல முளைக்கும். தும்பை போன்ற பொடி விதைக்கு இது தேவையில்லை. ஒரு பங்கு விதைக்கு ஐந்து பங்கு மணல் கலந்து தூவிவிட்டு, காலால் லேசாக மிதித்தால் சரி. மண்ணைப் போட்டு மூடாதீர்கள். ஐப்பசி மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். பத்து நாள் மழை இல்லாவிட்டால் மட்டும் பூவாளியால் தெளியுங்கள்.

ஒரு மூலையைச் செடியில்லாமல் வெறும் மண்ணாக விட்டுவிடுங்கள். நீலப்பட்டைத் தேனீக்கள் கூடு வைப்பது மண்ணுக்குள்தான்.

5. அப்புறம்

இலையில் ஓட்டை விழும். மருந்து அடிக்காதீர்கள், புழு தின்னத்தானே வைத்தோம்!

மாசி வாக்கில் விதை உதிர்ந்த பிறகு பாதியை மட்டும் அரையடி உயரத்துக்கு வெட்டுங்கள். மறுபாதியில் கூட்டுப்புழுக்கள் இருக்கலாம். அதை ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். எருக்கு, ஆவாரையைத் தொட வேண்டியதில்லை. வெட்டியதை இரண்டு நாள் அங்கேயே காயவிட்டு, உதறிவிட்டு, அள்ளி அப்புறப்படுத்துங்கள். மக்கினால் அதுவே உரமாகிவிடும்.

'புதர் மண்டிக் கிடக்கிறது, பாம்பு வரும்' என்று பக்கத்து வீட்டில் கட்டாயம் சொல்வார்கள். திட்டை வாசலிலிருந்து தள்ளியே போடுங்கள். சுற்றிலும் இரண்டடி அகலத்துக்குத் தரையோடு செதுக்கி வைத்தால் நடக்கவும் வழி, பார்க்கிறவர்களுக்கும் வேண்டுமென்றே வளர்த்தது என்று புரியும்.