வெள்ளைத் தூண்களும் செங்கல் குடில்களும்: பிளாண்டேஷன் இல்லங்களைப் படமெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உள்ள பழைய பிளாண்டேஷன் இல்லங்களை, அதாவது அடிமை உழைப்பில் நடந்த பெரும் பண்ணைகளின் மாளிகைகளை, காணச் செல்லும் நம்மவர் பலர், கேமராவை வெளியே எடுக்கும் முன்பே முதல் தவறைச் செய்துவிடுகிறார்கள். பிளாண்டேஷனைத் ‘தோட்டம்’ என்றே சொல்லிப் பழகியதால், பூங்காவுக்குப் போகும் மனநிலையோடு கிளம்பிவிடுகிறார்கள். இலங்கை மலையகத்தில் தோட்டம் என்ற சொல்லுக்குள் கங்காணியும் லயன் வீடுகளும் அடக்கம் என்பதை அறிந்த நமக்கு, அச்சொல்லின் மறுபொருள் புதிதன்று. ஆயினும் தென் கரோலைனாவில் நெல்லையும் லூசியானாவில் கரும்பையும் விளைவித்தவர்கள் குறைகூலிக்கு உழைத்தவர்கள் அல்லர். விலைக்கு வாங்கப்பட்டு, விற்கப்பட்டு, பிள்ளைகளும் உடைமையாகவே எண்ணப்பட்ட மனிதர்கள்.

இந்த மறதி படத்தில் எப்படி விழுகிறது என்பதற்குச் தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகருக்கு அருகிலுள்ள பூன் ஹால் பிளாண்டேஷன் நல்ல சான்று. 1743இல் நடப்பட்ட ஓக் மரங்களின் நிழற்சாலையையும் அதன் முடிவில் தெரியும் மாளிகையையும் படமெடுத்துவிட்டு, ‘அடிமைமுறைக் காலத்து மாளிகை’ என்று குறிப்பெழுதுவோர் ஏராளம். அந்த மாளிகை 1936இல் கட்டப்பட்டது. உண்மையிலேயே பழையவை, அதே சாலையோரம் வரிசையாக நிற்கும் ஒன்பது செங்கல் குடில்கள். அடிமைப்படுத்தப்பட்டோர் வாழ்ந்தவை அவைதான். வரலாற்றைத் தேடிப் போனவர் அதைக் கடந்து நடந்து, புதிய வீட்டைப் படமெடுத்துத் திரும்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் காட்சி. இதற்கு மாறாக, லூசியானாவின் ஓக் ஆலியில் மாளிகை 1830களைச் சேர்ந்தது, குடில்களோ பிற்காலத்தில் மீட்டுருவாக்கப்பட்டவை. சார்ல்ஸ்டன் அருகே உள்ள மிடில்டன் பிளேஸ் பிளாண்டேஷனில் பெரிய மாளிகை 1865இல் எரிக்கப்பட்டது. இன்று நாம் பார்ப்பது அதன் ஒரு பக்கக் கட்டடம். ஆகவே எது மூலம், எது மறுகட்டுமானம் என்பதை வழிகாட்டியிடம் கேட்டறியாமல் படத்துக்குக் குறிப்பெழுதக் கூடாது.

அலங்காரத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். மிடில்டனில் 1741இல் தொடங்கிய புல்வெளிப் படிக்கட்டுகளையும் வண்ணத்துப்பூச்சி வடிவக் குளங்களையும் உரிமையாளரின் ரசனையாக மட்டும் காட்டினால், மண்ணை வெட்டிச் சுமந்த கைகள் படத்திலிருந்து நழுவிவிடும். ஓக் ஆலியில் ஆந்துவான் என்ற அடிமைத் தோட்டக்காரர் 1840களில் பெக்கான் என்ற கொட்டை மரத்தை ஒட்டுக்கட்டி வெற்றி கண்டார். அந்த வகை 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் பரிசு பெற்றது. அங்கே இருபத்தெட்டு ஓக் மரங்களையும் படமெடுப்பவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பை இங்கே வைத்துக்கொள்ள விரும்புவோர் சற்று நின்று யோசிக்க வேண்டும். 2019இல் பின்டரெஸ்ட் போன்ற தளங்களே பிளாண்டேஷன் திருமணங்களை முன்னிறுத்துவதைக் கட்டுப்படுத்த முடிவு செய்தன. லூசியானாவின் விட்னி பிளாண்டேஷனில், அடிமைப்படுத்தப்பட்ட குழந்தைகளின் நினைவாக வைக்கப்பட்ட சிற்பங்களின் தோளில் கைபோட்டுச் செல்ஃபி எடுப்பது எவ்வகையிலும் தகாது. கல்லறைப் பகுதிகளில் சிப்பிகளோ புட்டிகளோ கிடந்தால், படம் அழகாக அமைய வேண்டுமென்று அவற்றை நகர்த்தக் கூடாது. அவை இறந்தோருக்காக வைக்கப்பட்ட பொருள்களாக இருக்கலாம்.

இனித் தொழில்நுட்பத் தவறுகள். நிழற்சாலையை அகலக் கோண லென்ஸில் எடுத்தால் மரங்கள் விலகி, வீடு தீப்பெட்டியளவு சிறுத்துவிடும்; தொலைவில் நின்று டெலி லென்ஸில் எடுத்தால்தான் கிளைகள் நெருங்கிக் கூடாரம் போலத் தோன்றும். கடும் வெயிலில் வெள்ளைத் தூண்கள் வெளிறி, மரநிழல் கரியாகும். மேகமூட்டமான நாளே அசேலியா பூக்களுக்கும் உகந்தது. குளிரூட்டிய அறையிலிருந்து கோடைப் புழுக்கத்துக்குள் வந்தவுடன் லென்ஸில் நீர்ப்பனி படியும். துடைப்பதால் பயனில்லை, வெளியே வரும் முன்பே கேமராவை மூடிய பைக்குள் வைத்து, வந்தபின் சிறிது நேரம் சூடேற விட வேண்டும். வீட்டுக்குள் பிளாஷ், முக்காலி, வெளியே டிரோன் ஆகியவற்றுக்கான விதிகள் இடத்துக்கிடம் மாறும் என்பதால் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. மரங்களில் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் உண்மையில் பாசியன்று, அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. அதைப் பறித்துத் தலையில் சூடிப் படமெடுக்க வேண்டாம். குளக்கரைகளில் முதலைகள் வெயில் காயும், நெருங்க வேண்டாம்.

சார்ல்ஸ்டன் பகுதியின் பழைய செங்கற்கள் சிலவற்றில், ஈரக் களிமண்ணைத் தூக்கியவர்களின் விரல் தடங்கள் இன்றும் பதிந்துள்ளன; அவற்றுள் சில சிறுவர்களுடையவை. நேர் வெளிச்சத்தில் அவை புலப்படுவதில்லை, பிளாஷ் அடித்தால் மறைந்தே போகும். மாலை வெயில் சுவரின் மீது சாய்வாக விழும் வேளையில் அருகே சென்று, செங்கல்லைத் தொடாமல், பொறுமையாகக் குவியம் வைத்து எடுங்கள்.