வெயிலூரில் பாலக்–சீஸ் பஃப்ஸ்: வெண்ணெய் உருகாமல், அடி ஊறாமல்

பாலக்–சீஸ் பஃப்ஸ் கெட்டுப்போவது அநேகமாக இரண்டே காரணத்தால்தான். கீரையில் தண்ணீர் நின்று அடிப்பகுதி ஊறிப்போவது ஒன்று. தேய்க்கும்போதே வெண்ணெய் இளகி மாவோடு கலந்துவிடுவது இன்னொன்று. மசாலா, சீஸ் வகை, வடிவம் எல்லாம் அவரவர் விருப்பம். இந்த இரண்டில் மட்டும் சலுகை கிடையாது.

புதுச்சேரி, கடலூர் பக்கம் வெண்ணெய்தான் பெரிய சிக்கல். அது 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். மடித்துத் தேய்க்க வாகாக இருப்பது 13 முதல் 18 டிகிரி வரைதான். சித்திரை, வைகாசியில் நம் அடுப்படி மதியத்தில் உருகும் சூட்டையே தொட்டு நிற்கும். பேக்கரிகளில் பஃப்ஸுக்கு மார்ஜரினோ வனஸ்பதியோ போடுவதற்கு விலை மட்டும் காரணமில்லை. பஃப்ஸுக்கென்றே வரும் மார்ஜரின் உடல் சூட்டுக்கும் மேலேதான் உருகும், வெயிலைத் தாங்கும். அதனாலேயே வாயிலும் முழுசாகக் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். வீட்டில் செய்வதன் லாபமே வெண்ணெய்தான். அதற்காகக் கொஞ்சம் நேரம் பார்த்து வேலை செய்ய வேண்டும்: மாவை முந்தின இரவே பிசைந்து ஃபிரிட்ஜில் வைப்பது, விடிவதற்கு முன் எழுந்து மடிப்பை முடிப்பது. ஏசி உள்ள அறை இருந்தால் பலகையையும் கட்டையையும் அங்கே எடுத்துப் போய்த் தேய்க்கலாம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அடுக்கு நன்றாக வரும்.

மாவும் மடிப்பும்

12 பஃப்ஸுக்கு மைதா 250 கிராம், மாவில் சேர்க்க வெண்ணெய் 25 கிராம், மடிக்க வெண்ணெய் 200 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் 120 முதல் 130 மில்லி. உப்பு போட்ட வெண்ணெய் என்றால் மாவில் அரை டீஸ்பூனுக்கும் குறைவாக உப்பு போதும். உப்பில்லாத வெண்ணெய் என்றால் ஒரு டீஸ்பூன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதாவே ஈரம் இழுத்திருக்கும். அப்போது தண்ணீரை 110 மில்லியில் நிறுத்திப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் கூட்டுங்கள்.

ஈஸ்ட், பேக்கிங் பவுடர், சோடா எதுவும் வேண்டாம். கடைகளில் விற்கும் குரோசானில் (பிறை வடிவ அடுக்கு ரொட்டி) ஈஸ்ட் உண்டு, இதில் இல்லை. பஃப்ஸைத் தூக்கிவிடுவது ஆவி மட்டுமே. வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. மாவிலும் தண்ணீர் இருக்கிறது. அவனின் (சுடும் மின் அடுப்பின்) சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகி, வெண்ணெய் பிரித்து வைத்த ஒவ்வொரு மாவுப் படலத்தையும் மேலே தள்ளும். வெண்ணெய் தனிப் படலமாக நிற்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபடுவது இதற்காகத்தான். மாவோடு கலந்துவிட்டால் கிடைப்பது பிஸ்கட் போன்ற ஒன்று, பஃப்ஸ் அல்ல.

மைதாவில் 25 கிராம் வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் மட்டும் பிசையுங்கள். பரோட்டா மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் மாவு ரப்பராகி, தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். எலுமிச்சைச் சாறு மாவை இழுபட வைக்கும். சதுரமாகத் தட்டி, மூடி, ஃபிரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க வையுங்கள்.

மடிக்கிற வெண்ணெயை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துக் கட்டையால் தட்டி, 15 சென்டிமீட்டர் சதுரமாக, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமனில் சமப்படுத்துங்கள். 100 கிராம் பாளம் இரண்டை ஒட்டி வைத்துத் தட்டினால் சுலபம். வளைத்தால் உடையாமல் வளைய வேண்டும், விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டக் கூடாது: அதுதான் பக்குவம். கல்லாக இருந்தால் மாவுக்குள் துண்டு துண்டாக உடைந்து இடைவெளி விழும். இளகியிருந்தால் ஓரத்தில் பிதுங்கும். வீட்டில் மோர் கடைந்து எடுத்த வெண்ணெயில் தண்ணீர் அதிகம், அதுவும் சீராக இருக்காது, ஆகவே இதற்கு ஆகாது. நெய்யும் வேண்டாம், அதில் தண்ணீரே இல்லை, குருணையாக நிற்கும், தகடாக விரியாது.

மாவை 22 சென்டிமீட்டர் சதுரமாகத் தேய்த்து, வெண்ணெய்ச் சதுரத்தை, அதன் மூலைகள் மாவின் பக்கங்களைப் பார்க்கும்படி, குறுக்காக வையுங்கள். மாவின் நான்கு மூலைகளையும் நடுவில் கொண்டுவந்து கடித உறை போல மூடி ஒட்டுங்கள். பிறகு ஒரே திசையில், முன்னும் பின்னும், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தேய்த்து மூன்றாக மடியுங்கள். இது ஒரு மடிப்பு. மாவைக் கால் வட்டம் திருப்பி இன்னொரு முறை. மாவை மேலே தூவியிருந்தால் மடிப்பதற்கு முன் பிரஷால் தட்டி எடுத்துவிட வேண்டும்; நடுவில் சிக்கிய உலர்மாவு அடுக்குகளை ஒட்டவிடாது, வெந்தபின் மாவு வாடையும் அடிக்கும்.

இரண்டு இரண்டு மடிப்பு முடிந்ததும் 40 நிமிடம் ஃபிரிட்ஜ். கோடையில் ஒவ்வொரு மடிப்புக்குப் பிறகும் 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கைக்கடியில் மாவு பிசுபிசுத்தால், நேரம் ஆனதோ இல்லையோ, அப்படியே தட்டில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு எட்டு பத்து நிமிடத்துக்கு மேல் வெளியே வைத்து வேலை செய்யாதீர்கள். மொத்தம் ஐந்து மடிப்பு, 243 அடுக்கு. ஆறு மடித்தால் 729 வரும் என்பது கணக்குக்கு அழகு. நம் ஊர்ச் சூட்டில் ஆறாவது மடிப்பில் வெண்ணெய்ப் படலம் கிழிந்து அடுக்கு குறைவதுதான் வழக்கம்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், உறைந்த பஃப்ஸ் ஷீட் வாங்கலாம். பழக்கமான பேக்கரியில் முதல் நாளே சொல்லி வேகாத மாவு கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். உள்ளே வைக்கும் பூரணம் மாறாது.

கீரை

பாலக்கீரை சுத்தம் செய்த இலையாக 500 கிராம் வேண்டும். புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டிலோ முத்தியால்பேட்டையிலோ காலையில் வாங்கும்போது வேரோடு கட்டாக இருக்கும். தண்டும் வேரும் போனால் எடை நன்றாகக் குறையும், அதனால் கிலோ அளவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று தண்ணீரில் அலச வேண்டும். கீரையை மேலே எடுங்கள், தண்ணீரைச் சாய்க்காதீர்கள். சாய்த்தால் அடியில் படிந்த மணல் திரும்பக் கீரையிலேயே ஏறும்.

கொதிநீரில் போட வேண்டாம். அகலமான கடாயில், எண்ணெய் இல்லாமல், பெரிய தீயில், அலசிய ஈரத்தோடு இரண்டு மூன்று தடவையாகப் போட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி வதக்குங்கள். உப்பு இப்போதே தண்ணீரை இறக்கிவிடும். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் மாவுக்குள் போன பிறகு இறங்கும். சுருண்டதும் தட்டில் பரப்பி ஆறவிட்டு, பழைய மெல்லிய வேட்டித் துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தாமல், கட்டை அவிழ்த்து, கீரையைக் கலைத்து, மறுபடி ஒரு முறை பிழிய வேண்டும். இரண்டாவது பிழிவில் வருகிற தண்ணீர்தான் அடியை ஊறவைப்பது. 500 கிராம் இலை கடைசியில் 200 முதல் 230 கிராம் உருண்டையாக நிற்கும். உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் விரல் இடுக்கில் சொட்டு வரக் கூடாது. பிழிந்த தண்ணீரைப் பருப்பில் ஊற்றிக்கொள்ளலாம்.

பிழிந்த பிறகே நறுக்குங்கள். மிக்ஸியில் அரைத்தால் பாலக் பனீர் குழம்புக்கு ஆகும், இதற்கு ஆகாது. பாலக் கிடைக்காத நாளில் சிறுகீரையோ அரைக்கீரையோ போடலாம். அவற்றில் தண்ணீர் குறைவு, வேலையும் சுலபம், மணம் மட்டும் வேறு. கொடிப் பசலை வேண்டவே வேண்டாம். அதன் வழவழப்பு எவ்வளவு பிழிந்தாலும் போகாது.

ஒரு நடுத்தர வெங்காயம், நான்கு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் வெங்காயத்தின் ஈரம் வற்றும்வரை வதக்கி, கீரையைச் சேர்த்து இரண்டு நிமிடம் புரட்டி இறக்குங்கள். அரை டீஸ்பூன் மிளகுத்தூள். ஜாதிக்காய் கத்தி முனையில் ஒட்டும் அளவு, அதற்கு மேல் போனால் மருந்து வாடை. கரம் மசாலா போட்டால் சமோசாவின் ருசிக்குப் போய்விடும். தப்பில்லை, ஆனால் சீஸின் ருசி எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

சீஸ் ஒரே வகையாக இல்லாமல் கலந்து போடுவதே நல்லது. பனீர் உருகாது, உருவத்தைப் பிடித்து நிற்கும். பிராசஸ்டு சீஸ் வழவழவென்று உருகி எண்ணெய் கக்காமல் இருக்கும். மொசரெல்லா சூட்டில் இழுபடும், ஆறியதும் ரப்பர். அதில் ஈரமும் கூட. உதிர்த்த பனீர் 100 கிராம், துருவிய பிராசஸ்டு சீஸ் 60 கிராம் என்பது ஆறிய பிறகும் நன்றாக இருக்கிற அளவு. ஆரோவில்லில் செய்யும் சீஸ் புதுச்சேரிக் கடைகளில் கிடைக்கிறது. உப்பு தூக்கலான வகை வாங்கினால் பனீரை அதிகமாக்கி அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். கீரையும் சீஸும் கலந்து ருசி பார்த்த பிறகே உப்பு, பெரும்பாலும் தேவைப்படாது. கடைசியில் இரண்டு டேபிள்ஸ்பூன் ரஸ்க் தூள். மிச்சமிருக்கிற ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். சீஸைச் சூடான கீரையில் கலக்கக் கூடாது. பூரணத்தையும் ஃபிரிட்ஜில் குளிரவைத்துத்தான் மாவில் வைக்க வேண்டும். இளஞ்சூடாக வைத்தால் அடியில் உள்ள வெண்ணெய் அவனுக்குப் போகும் முன்பே உருகிவிடும்.

வெட்டுவதும் சுடுவதும்

மாவை 32க்கு 42 சென்டிமீட்டராக, நான்கு மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, பத்து நிமிடம் குளிரவைத்து, நான்கு ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறியுங்கள். மடிந்த ஓரம் ஒட்டிக்கொண்டு விரியாது. மிச்சத்தில் 10 சென்டிமீட்டர் சதுரம் 12 வரும். கத்தி கூராக இருக்க வேண்டும், நேராக அழுத்தி வெட்ட வேண்டும். இழுத்து வெட்டினால் அடுக்குகள் நசுங்கி ஒரு பக்கம் சாய்ந்து உப்பும்.

ஒவ்வொன்றிலும் 35 கிராம் பூரணம், ஓரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு. ஓரத்தில் தண்ணீர் தொட்டு, முக்கோணமாக மடித்து, வெட்டிய விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அழுத்துங்கள். மேலே கத்தியால் ஒரு கீறல், ஆவி போக. பிறகு தட்டோடு 20 நிமிடம் ஃபிரிட்ஜில். முட்டையைக் கலக்கி மேல்புறம் மட்டும் தடவுங்கள்; வெட்டிய பக்கத்தில் வழிந்தால் அது பசையாகி அடுக்குகளை ஒட்டிவிடும். முட்டை சேர்க்காதவர்கள் பாலும் கொஞ்சம் பாலாடையும் கலந்து தடவலாம், நிறம் சற்று மங்கலாக வரும்.

ஓடிஜியை (மேசைமேல் வைக்கும் சின்ன மின் அவன்) 210 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பியும் போட்டு, முழுசாக 15 நிமிடம் சூடாக்கிய பிறகே தட்டு உள்ளே போக வேண்டும். 210ல் 15 நிமிடம், பிறகு 180ல் 12 முதல் 15 நிமிடம். முதல் கால் மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள். மேலே சிவந்ததும் எடுத்துவிடும் அவசரம்தான் நடுவில் பச்சை மாவு நிற்கக் காரணம். திருப்பிப் பார்த்து அடியும் பொன்னிறமாகத் தெரிந்தால்தான் வெந்தது. ஏர்ஃப்ரையரில் 180 டிகிரி, சுமார் 15 நிமிடம், நெருக்கி அடுக்காமல். அவன் இல்லாதவர்கள் இந்த மாவை எண்ணெயில் பொரிக்க முயல வேண்டாம், கொழுப்பு குடித்துக் கனக்கும். அதே பூரணத்தைச் சமோசா பட்டியில் வைத்துப் பொரியுங்கள்.

தட்டில் வெண்ணெய் குளம் கட்டியிருந்தால் மாவு குளிர்ந்திருக்கவில்லை அல்லது அவன் சூடேறவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் அடி மட்டும் நமுத்திருந்தால், கீரை பிழிந்தது போதவில்லை. அப்படி இல்லையென்றால் சுட்டதும் தட்டிலேயே விட்டு ஆறவைத்திருப்பீர்கள். எடுத்தவுடன் கம்பி வலைக்கு மாற்ற வேண்டும், அடியில் காற்றுப் போகாவிட்டால் தன் ஆவியிலேயே ஊறும். சதுரம் நீள்சதுரமாகச் சுருங்கினால் மாவுக்கு ஓய்வு போதவில்லை. வாய் பிளந்தால் பூரணம் அதிகம் அல்லது கீறல் போடவில்லை.

கடற்காற்றில் சுட்டது சீக்கிரமே நமுத்துவிடும். 160 டிகிரியில் ஆறேழு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவ் அதை இன்னும் கெடுக்கும். பனீர் இருப்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, மே மாதத்தில் ஒரு மணி நேரமே அதிகம். சேமிக்க நினைத்தால் சுடாத பஃப்ஸைத் தட்டில் தனித்தனியாக உறையவைத்து, பிறகு டப்பாவில் போட்டு ஃபிரீசரில் ஒரு மாதம் வரை வைக்கலாம். உருகவிடாமல் அப்படியே முட்டை தடவி அவனில் வைத்து, இரண்டாவது கட்டத்தில் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டால் போதும்.