அமினோ அமில அளவை வைத்துக் குழந்தை தேறுமா என்று கணிக்க வருபவர்களுக்கு

தீசிஸ் சீசன் வந்தால் பி.ஐ.சி.யூ.விலிருந்து (குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு) எங்கள் லேபுக்கு வரும் திட்டங்களில் ஒன்று எப்போதும் இதுவாகத்தான் இருக்கும்: உயிருக்குப் போராடும் குழந்தைகளின் ரத்தத்தில் சிட்ருலின், ஆர்ஜினைன், குளூட்டமின் என்ற அமினோ அமிலங்களின் அளவைப் பார்த்து, எந்தக் குழந்தை தேறும், எது தேறாது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? நல்ல கேள்விதான். ரத்தத்தில் இருக்கும் சிட்ருலினில் பெரும்பங்கு சிறுகுடல் செல்களிலிருந்து வருவது, குடல் அடிவாங்கினால் அது சரியும். ஆனால் வருகிற ஆட்கள் மாறினாலும், ஒரு காலத்தில் நாங்களும் செய்த அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. லேபிள் மாறுவது, யூனிட்டைக் குழப்புவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள்.

டியூப் எவ்வளவு நேரம் காத்திருந்தது?

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு பி.ஜி. மாணவர் அட்டவணையோடு வந்தார். இறந்த குழந்தைகளுக்கு ஆர்ஜினைனும் குளூட்டமினும் குறைவு, பிழைத்தவர்களுக்கு நார்மல், கோடு போட்டுப் பிரித்த மாதிரி. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் பார்த்தது அட்டவணையின் பக்கத்து நெடுவரிசைகளை. ஆர்ஜினைன் குறைந்த இடத்திலெல்லாம் ஆர்னிதின் ஏறியிருந்தது, குளூட்டமின் குறைந்த இடத்தில் குளூட்டமேட். டாரின் என்ற இன்னொரு அமிலமும் எகிறியிருந்தது. ரத்தம் எடுத்த நேரம், சென்ட்ரிஃபியூஜ் போட்ட நேரம் இரண்டையும் கேட்டேன். தேதி மட்டும்தான் இருந்தது.

அப்புறம் நர்ஸிங் நோட்ஸைத் தேடிப் பார்த்தால், இறந்த குழந்தைகள் பெரும்பாலும் ராத்திரியில் ஷாக்கோடு (ரத்த ஓட்டம் சரிந்த நிலை) வந்தவர்கள். எல்லோரும் குழந்தையைக் காப்பாற்றுவதில் இருக்கும்போது ஆராய்ச்சி டியூபை யார் கவனிப்பார்கள்? அது விடியும்வரை டிரேயிலேயே கிடந்திருக்கிறது. சிவப்பணுக்களுக்குள் ஆர்ஜினேஸ் என்ற என்சைம் நிறைய இருக்கிறது. செல் உடைந்தால் அது வெளியே வந்து ஆர்ஜினைனை ஆர்னிதினாக மாற்றிவிடும். குளூட்டமின் அறை வெப்பத்தில் கிடந்தால் குளூட்டமேட்டாகவும் அம்மோனியாவாகவும் சிதையும். வெள்ளணுவிலும் பிளேட்லெட்டிலும் இருக்கும் டாரின் கசியும். ஆக, அந்த அட்டவணை அளந்தது ராத்திரியில் டியூபை எடுத்துப்போக ஆள் இருந்தாரா என்பதைத்தான். இதில் மோசமான விஷயம், இந்தத் தாமதம் எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை, குழந்தை எவ்வளவு சீரியஸோ டியூப் அவ்வளவு நேரம் காத்திருக்கும், அதனால் சாம்பிள் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் பிழை கரையாது, இன்னும் உறுதியாகத் தெரியும்! ஒரு வருட வேலை, கிட் செலவு, போனது போனதுதான்.

எனவே லித்தியம் ஹெபாரின் டியூப், எடுத்த உடனே ஐஸ், அரை மணி நேரத்துக்குள் குளிரூட்டிய சென்ட்ரிஃபியூஜ். மேல் பிளாஸ்மாவை மட்டும் உறிஞ்சுங்கள், நடுவில் இருக்கும் வெள்ளைப் படலத்தைத் தொடாதீர்கள். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் போட்டுப் புரதத்தைப் படியவைத்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். படிவத்தில் இரண்டு நேரத்தையும் எழுதக் கட்டம் வேண்டும். லுகேமியாவுக்கு (ரத்தப் புற்றுநோய்) அஸ்பாரஜினேஸ் போட்ட குழந்தை என்றால் இன்னும் கவனம், டியூபுக்குள்ளும் அந்த மருந்து அமினோ அமிலத்தைச் சிதைத்துக்கொண்டே இருக்கும்.

டி.பி.என். ஓடும் லைனில் ரத்தம்

எடுக்காதீர்கள். டி.பி.என். என்றால் ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் ஊட்டம், அதிலேயே அமினோ அமிலம் இருக்கிறது.

சிட்ருலினை மட்டும் படிப்பது

சிட்ருலினை ஆர்ஜினைனாக மாற்றுவது முக்கியமாகச் சிறுநீரகம். அது படுத்துவிட்டால் சிட்ருலின் தேங்கும், குடல் சேதத்தை மறைத்து நார்மல் போலக் காட்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைப் பக்கத்தில் வைக்காமல் படித்துப் பயனில்லை. டயாலிசிஸ் ஓடினால் அமினோ அமிலங்கள் அதன் வழியாகவும் வெளியே போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

குறைவுதானே, கொடுத்துவிடலாம்

குறைவு என்பது நோயின் அடையாளமாக இருக்கலாம், காரணமாக இருக்க வேண்டியதில்லை. 2013-இல் வெளியான ரெடாக்ஸ் ஆய்வில், பல உறுப்புகள் செயலிழந்த பெரியவர்களுக்கு குளூட்டமின் கொடுத்தபோது மரணம் கூடியது, குறையவில்லை. குழந்தைகளில், 2016-இல் வந்த பெப்பானிக் ஆய்வு லூவன், ராட்டர்டாம், எட்மன்டனில் 1,440 பேரை வைத்து நடந்தது. ரத்தக்குழாய் வழி ஊட்டத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டவர்களுக்குப் புதிய தொற்று 10.7 சதவீதம், உடனே ஆரம்பித்தவர்களுக்கு 18.5. பின்னர் அதே தரவை அலசியபோது சந்தேகம் விழுந்தது அமினோ அமில டோஸ் மீதுதான்.

பெரியவர்களின் கட்-ஆஃப்

கட்-ஆஃப் என்றால் நார்மலையும் குறைவையும் பிரிக்கும் எல்லை எண். பச்சிளங்குழந்தைக்கும் பத்து வயதுக்கும் ஒரே எண் கிடையாது.

இருபது அமிலம், பத்து மரணம்

மரணம் பத்துதான் இருக்க, இருபது அமிலங்களையும் தனித்தனியே சோதித்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே பி மதிப்பு 0.05-க்குக் கீழே (வித்தியாசம் உண்மை என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமான எல்லை) போக நல்ல வாய்ப்பு உண்டு. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதல் சாம்பிளுக்கு முன்பே எழுதி வையுங்கள். சரி, அது தாண்டியும் ஒன்று நின்றால், லாக்டேட்டையும் (ரத்த ஓட்டம் குறைந்தால் ரத்தத்தில் ஏறுவது) பிரிஸம் ஸ்கோரையும் (குழந்தை எவ்வளவு சீரியஸ் என்று கணக்கிடும் மதிப்பெண்) மாடலில் வைத்த பிறகும் அது ஏதாவது கூட்டுகிறதா என்று பாருங்கள். லாக்டேட் பெட் பக்கத்திலேயே சில நிமிடத்தில் வந்துவிடுகிறது. அமினோ அமில ரிப்போர்ட்டுக்கு எங்கள் லேபில் நாட்கணக்கில் ஆகும், அதற்குள் குழந்தை வார்டுக்கே போயிருக்கலாம்.