மலையகத்தில் வீடு பார்க்கிறவர்கள் ஆற்றின் மேற்புறத்தையும் பார்க்க வேண்டும்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இலங்கை மலையகத்தில் தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வருபவர்கள் வதிவிட விசாவை வேலை கொடுப்பவர் மூலம் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பெற்று, முடியும் தேதிக்கு முன்பே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். குடியேறியதும் கிராம உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். இவற்றில் பிசகினால் அலைச்சலோடு போய்விடும். நான் இழந்தது வீடு பார்த்த இடத்தில்.

நாங்கள் எடுத்த வீடு ஓர் அணைக்குக் கீழே, ஆற்றங்கரையில் இருந்தது. பாறைகளுக்கு நடுவே கணுக்கால் நீர்தான் ஓடியது. "மேலே அணை இருக்கிறது, வெள்ளம் வராது" என்றார் வீட்டுக்காரர். மேட்டூரை நம்பி விவசாயம் செய்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அணை வெள்ளத்தைத் தடுப்பது சுவரின் உயரத்தால் அல்ல, மழை தொடங்கும் நேரத்தில் நீர்த்தேக்கத்தில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தால்தான். அந்த இடம் இருக்கும்வரை பெருக்கின் உச்சத்தை உள்வாங்கி, சிறிது சிறிதாகப் பல மணி நேரத்துக்குப் பரப்பி விட முடியும். நிரம்பிவிட்டால் வரும் நீரை அப்படியே கீழே அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. மேட்டூர் 93 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளும். 1985இல் முடிந்த 87 மீட்டர் உயரக் கொத்மலை அணை 17 கோடி கனமீட்டருக்குச் சற்று மேல், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 6 டி.எம்.சி. கொள்ளும். அதற்கு மேலே தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை அணையின் நீர்த்தேக்கமோ அதனுடன் ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது. பெருமழையைத் தாங்கி வைக்க அதில் இடம் கிடையாது. மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட அணையில் நீர் குறைந்தால் உற்பத்தி குறையும் என்பதால், வெள்ளத்துக்கென்று பெரிய இடத்தைக் காலியாக வைத்திருப்பதும் எளிதல்ல.

இனி என்னை ஏமாற்றிய விஷயத்துக்கு வருகிறேன். மேல் கொத்மலையில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியாக நீர் மின்நிலையத்துக்குப் போய்விடுவதால், அணைக்குக் கீழே ஆற்றின் பழைய தடத்தில் ஆண்டின் பெரும்பகுதி குறைந்த நீரே ஓடுகிறது. இப்படி நீரைத் திருப்பும் எந்த அணையின் கீழும் இதுதான் நிலை. புதியவர் கண்ணுக்கு அது ஓடை. உண்மையில் அது வெள்ளம் வெளியேறுவதற்கான வழி. மேட்டூரில் திறந்த நீர் டெல்டாவை அடைவதற்குள் மூட்டை கட்ட நமக்குப் பொழுது இருக்கும். இந்தச் செங்குத்துப் பள்ளத்தாக்கில் அந்த அவகாசத்தை எதிர்பார்க்கக் கூடாது.

தென்மேற்குப் பருவமழை வலுத்த ஒரு நாள் இரவு, வானொலியில் 'வான்கதவு' திறக்கப்படும் என்றார்கள். மதகு, ஷட்டர், உபரிநீர் என்றே கேட்டு வளர்ந்த எனக்கு, அணையின் உபரிநீரை வெளியேற்றும் கதவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை. விநாடிக்கு இத்தனை கனமீட்டர் என்ற எண்ணும் அற்பமாகத் தோன்றியது. ஒரு கனமீட்டர் 35 கன அடிக்கு மேல் என்பதை அப்போது நான் பெருக்கிப் பார்க்கவில்லை. அதிகாலையில் ஒலித்த சங்கைத் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு என்று எண்ணிப் படுத்திருந்தேன். மேலேயிருந்த லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஒரு பெரியம்மா ஓடிவந்து கதவைத் தட்டி, "தம்பி, இது ஆத்துச் சங்கு, புள்ளைங்கள தூக்கிக்கிட்டு மேல வாங்க" என்றார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டோம். கீழறையில் இருந்த என் பட்டச் சான்றிதழ்களும் என் மனைவியின் சான்றிதழ்களும் சேற்றில் ஊறிப் போயின. மாற்றுப் பிரதிகளுக்காக ஊரிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு மாதக்கணக்கில் எழுதினோம். அந்தப் பெரியம்மாவின் லயத்தில் ஒரே அறைதான். அதில் எங்கள் நால்வருக்கும் இரண்டு இரவு இடம் கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், வீட்டுக்காரரிடம் அல்ல, பக்கத்து லயத்து மூத்தவர்களிடம் கேளுங்கள்: மேலே எந்த அணை, கதவு திறந்தால் நீர் எந்தப் படிவரை ஏறும், சங்கு எப்படி ஒலிக்கும், எந்தப் பாதையில் ஏற வேண்டும். ஆற்றை விட்டு மேட்டுக்குப் போனால் மண்சரிவு பற்றியும் கேட்டே ஆக வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் (நம் ஊர்ச் சொல்லில் பேரிடர் மேலாண்மை மையம்) 117 என்ற எண்ணைக் கைபேசியில் பதிந்து வையுங்கள். சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் ஒரே பையில், கதவருகே உயரத்தில் மாட்டுங்கள். எங்கள் இப்போதைய வீட்டில் அந்தப் பை ஆணியில் தொங்குகிறது. மே மாதம் பிறந்தால் பிள்ளைகளே அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்கள்.