அழிந்த பால்டிக் மொழிகளைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்று மொழியியலுக்குப் புதிதாக வரும் மாணவர்களின் கட்டுரைகளைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்குவது தெரிகிறது. பெயர்களை ஒலிபெயர்ப்பதில் நேரும் பிழைகளை இங்கே பேசப் போவதில்லை.

பெயர் ஒன்றென்பதால் மொழியும் ஒன்றெனக் கொள்வது

பழங்குரோனியர் இன்றைய மேற்கு லாத்வியாவிலும் வடமேற்கு லிதுவேனியாவிலும் கடலோரமாக வாழ்ந்தவர்கள். அவர்கள் மொழியில் ஐயத்துக்கு இடமற்ற நூல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும், அப்பகுதி வட்டார வழக்குகளில் எஞ்சிய கூறுகளுமே சான்றுகள். பால்டிக் கடலோரத்துக் குரோனிய மணல்திட்டில் 20ஆம் நூற்றாண்டு வரை மீனவர்கள் பேசிவந்த மொழிக்கும் குரோனியன் என்ற பெயர் வழங்குகிறது. அதுவோ வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களின் லாத்விய வட்டார வழக்கு.

ஒரு மாணவர் இந்த மீனவர் வழக்கின் சொற்களைத் திரட்டி, லாத்வியனோடு ஒப்பிட்டு, பழங்குரோனியன் லாத்வியன் அடங்கிய கிழக்கு பால்டிக் கிளையைச் சேர்ந்ததே என்று முடிவு கட்டியிருந்தார். லாத்வியனை லாத்வியனோடு ஒப்பிட்டால் வேறு என்ன விடை வரும்? மாதக்கணக்கான உழைப்பு வீணாயிற்று. பெயரை அடைமொழியின்றி அச்சிடும் அறிமுக நூல்கள்மீதுதான் எனக்கு இன்றும் கோபம். பழங்குரோனியன், அழிந்துபோன பிரஷ்யன் மொழிக்கு நெருங்கிய மேற்குக் கிளையா, கிழக்குக் கிளையா, மேற்கில் பிறந்து லாத்வியனின் செல்வாக்கால் கிழக்கு நோக்கி நகர்ந்ததா என்பது இன்றும் தீராத விவாதம். இத்தகைய போலிச் சான்று அதைத் தீர்ந்ததுபோல் காட்டிவிடுகிறது.

காலிந்தியன் என்ற அழிந்த பால்டிக் மொழியிலும் இதே சிக்கல் உண்டு. புவியியலாளர் தாலமி 2ஆம் நூற்றாண்டில் குறித்த காலிந்தர் பிரஷ்யப் பகுதியினர். ருஸ் என்ற பழைய கிழக்கு ஸ்லாவிய நாட்டின் குறிப்பேடுகள் 1058, 1147ஆம் ஆண்டுகளில் சொல்லும் கோல்யாத் மக்களோ மாஸ்கோவுக்கு மேற்கே புரோத்வா ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள். இரு கூட்டத்தாரும் நூல் எதையும் விட்டுச்செல்லாத நிலையில், பெயரொற்றுமை ஒன்றை வைத்து ஒரே மொழியைக் கட்டியெழுப்ப முடியாது.

பிரஷ்யன் நூல்களிலிருந்து தொடரியல் எழுதுவது

எல்பிங் சொற்பட்டியல் என்ற ஜெர்மன்–பிரஷ்யன் பட்டியலின் 802 சொற்கள் பொருள்வாரியாக அடுக்கப்பட்டவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெயர்ச்சொற்கள். 1545இல் இரண்டும் 1561இல் ஒன்றுமாக அச்சான ஞானோபதேசங்கள் (கிறித்தவ சமயப் போதனை நூல்கள்) ஜெர்மனிலிருந்து பெயர்க்கப்பட்டவை. அவற்றின் சொல்லொழுங்கு ஜெர்மன் மூலத்தையே பெரிதும் பின்பற்றுகிறது.

குருனௌவின் பரமண்டல செபம்

16ஆம் நூற்றாண்டுக் குறிப்பேட்டாளர் சைமன் குருனௌ பிரஷ்யன் என்று தந்த செபம் இது. அதைப் பிரஷ்யனுக்குச் சான்றாக எடுக்காதீர்கள்.

நரேவ் சொற்பட்டியல்

யோத்விங்கியன் என்ற அழிந்த பால்டிக் மொழியுடையதாகக் கருதப்படும் பட்டியல் இது. மூலக் கையெழுத்துப் படி அழிந்துவிட்டது. எஞ்சியிருப்பது அதைக் கண்டெடுத்தவர் எடுத்துவைத்த நகல். யோத்விங்கியனின் உறவை அதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.