நியாமாத்தா தேவாலயத்துக்குப் போவதற்கு முன்

ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் நியாமாத்தாவுக்குக் கூட்டிப் போகச் சொல்வார்கள். 1994 இனப்படுகொலையில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்ட அந்த ஊர்த் தேவாலயம் இப்போது நினைவிடம். முதலில் நகரத்துக்குள் இருக்கும் கிசோசி நினைவிடத்தைப் பார்த்துவிடுங்கள் என்பேன். இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அடக்கமான இடம் அது. அங்கே பழைய அடையாள அட்டையின் முன் அவசரப்படாமல் நில்லுங்கள். அந்தப் படுகொலையில் ஹுட்டு தீவிரவாதிகள் டுட்சிகளைக் கொன்றார்கள். ஆனால் இரு தரப்பும் பேசுவது ஒரே கினியருவாண்டா மொழி. மாடு வைத்திருந்தவர் டுட்சி, நிலம் உழுதவர் ஹுட்டு என்ற ஏற்றத்தாழ்வு முன்பே இருந்ததுதான். ஆனால் 1930களில் பெல்ஜிய ஆட்சி அதை இனமென்று அட்டையில் எழுதியபின் யாராலும் அதிலிருந்து நகர முடியவில்லை. 1994-ல் சாலைத் தடுப்புகளில் கொலையாளிகள் அந்த அட்டையைத்தான் கேட்டார்கள்.

அப்புறம் நியாமாத்தா. தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை ஊரே பொதுவேலையில் இருக்கும், அன்று மட்டும் வேண்டாம்.

இந்த புகெசெரா வட்டாரத்தின் கதை தெரியாமல் உள்ளே போகாதீர்கள். 1959 கலவரத்துக்குப் பிறகு, வேறு பகுதிகளிலிருந்து துரத்தப்பட்ட டுட்சிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம் இது. தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈ மொய்த்த வறண்ட பூமி. 1992 மார்ச்சில் இங்கே கொலைகள் நடந்தபோது தேவாலயங்களில் தஞ்சம் புகுந்த பலர் பிழைத்தார்கள். அந்தக் கொலைகளைப் பற்றி வானொலிக்குத் தொலைபேசியில் சொன்ன இத்தாலியப் பெண்மணி அந்தோனியா லொக்காத்தெல்லியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவருடைய கல்லறை தேவாலயத்தை ஒட்டியே இருக்கிறது, பார்க்காமல் வராதீர்கள். 1994 ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோர் மறுபடி இங்கே ஓடிவந்ததற்கு அந்தப் பழைய நம்பிக்கைதான் காரணம். இந்த முறை கொலையாளிகள் கையெறி குண்டு வீசிக் கதவை உடைத்து, உள்ளே இருந்தவர்களைக் கொன்றார்கள்.

பெஞ்சுகளில் இறந்தவர்களின் துணிமணிகள் குவிந்திருக்கும். குழந்தைகளின் சட்டைகளும் உண்டு. தலையைத் தூக்கிப் பார்த்தால் தகரக் கூரையெங்கும் துளைகள். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

வழிகாட்டியே உயிர் தப்பியவராக இருக்கலாம். அவராகச் சொல்வதைக் கேளுங்கள், துருவ வேண்டாம். 'நீங்கள் ஹுட்டுவா, டுட்சியா' என்று இந்த நாட்டில் யாரிடமும் கேட்காதீர்கள். இப்போது அட்டையில் இனம் கிடையாது. பக்கத்து புருண்டியில் 1972-ல் டுட்சிகள் கையிலிருந்த ராணுவம் ஏராளமான ஹுட்டுகளைக் கொன்றது. அதையும் படித்துவிட்டு வாருங்கள். ஆனால் ஒன்றைக் காட்டி மற்றொன்றைச் சரியென்று பேசுவதை என்னால் பொறுக்க முடியாது.

ஏப்ரல் 7-ல் தொடங்கும் துக்க வாரத்தில் வந்தால் பாட்டு, கொண்டாட்டம் எதற்கும் திட்டம் போடாதீர்கள். திரும்பும் வழியில், இதேபோல் படுகொலை நடந்த ந்தராமா தேவாலயத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்.