வாத்துக்கும் வான்கோழிக்கும் ஒரே துப்பாக்கி: முதல் ஓவர்-அண்டர் ஷாட்கன் வாங்குவது எப்படி?

அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில் டிசம்பர் விடியலில் வாத்து வேட்டை என்றால், வெள்ளம் நிற்கும் ஓக் காட்டுக்குள் தொடையளவு தண்ணீரில் ஒரு மரத்தோடு ஒட்டி நிற்பது. மல்லார்ட் வாத்துகள் கிளைகளுக்கு நடுவே சடசடவென்று இறங்கும். இருபது, முப்பது கஜத்தில் சுட்டுவிடலாம். அதே மாநிலத்தில் ஏப்ரல் மாத வான்கோழி வேட்டை முற்றிலும் வேறு. மரத்தில் முதுகைச் சாய்த்து, மூச்சுக்கூடத் தெரியாமல் உட்கார்ந்து, நடந்து வரும் சேவலின் தலையையும் கழுத்தையும் குறிபார்த்து ஒரே வெடி.

ஒன்றில் பறவையோடு சேர்ந்து துப்பாக்கியும் வீச வேண்டும். மற்றதில் அது அசையவே கூடாது. இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி போதுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஓவர்-அண்டர். இரண்டு குழல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும், நடுவில் மடித்துத் திறக்கும் ஷாட்கன் (ஒரே வெடியில் பல சிறு ரவைகளை, அதாவது உலோகக் குண்டுகளை, வீசும் துப்பாக்கி) இது. வாத்துக்குப் பொருந்துகிற துப்பாக்கியாக வாங்குங்கள். வான்கோழி வேலையை அதன் ஒரு குழலிடம் ஒப்படைக்கலாம்.

படி 1: முதலில் உரிமம்

வேட்டைப் பயிற்சி வகுப்பு, மாநில வேட்டை உரிமம், புலம்பெயர் பறவைகளுக்கான பதிவு ஆகியவற்றை முடித்துக்கொள்ளுங்கள். 16 வயது நிரம்பியவர் வாத்து சுட 25 டாலர் கொடுத்துக் கூட்டரசின் வாத்து முத்திரையும் வாங்க வேண்டும். 1934-இல் தொடங்கிய இந்த முத்திரைப் பணத்தில் ஏறக்குறைய எல்லாமே சதுப்பு நிலங்களைக் காக்கப் போகிறது. நான் மனநிறைவோடு கொடுக்கும் 25 டாலர் அது.

எச்1-பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு. அதனால் உரிமத்தை வாங்கிவிட்டுத்தான் கடைப்பக்கம் போக வேண்டும். மாநிலச் சட்டத்தையும் தனியாகப் பாருங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

படி 2: கேஜும் அறை நீளமும்

12 கேஜ் (குழலின் உள்விட்ட அளவு, எண் சிறியதானால் குழல் பெரிது), 3 அங்குல அறை (தோட்டா அமரும் இடம்). தொடங்குபவர் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். மூன்றரை அங்குல அறை உள்ளவையும் கிடைக்கின்றன. ஆனால் ஓவர்-அண்டரில், சில அரைத்தானியங்கித் துப்பாக்கிகளில் இருப்பதுபோல் உதையை வாங்கிக்கொள்ளும் அமைப்பு எதுவும் இல்லை. அந்தப் பெரிய தோட்டாவின் உதை முழுக்க உங்கள் தோளுக்குத்தான் வரும். உதைக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் போக்குவது கடினம். உடல்வாகு சிறியதாக இருந்தால் 20 கேஜும் நல்ல தேர்வு.

குழல் நீளம் 28 அங்குலம் எடுங்கள். பறக்கும் பறவையோடு சீராக வீச அந்த முன்பாரம் உதவும்.

படி 3: தோளில் வைத்துப் பாருங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். கடைக்குப் போகும்போது வேட்டைக்குப் போடும் தடித்த குளிர்கோட்டையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு போங்கள். சட்டையோடு பார்க்கும்போது கச்சிதமாக இருக்கும் கட்டை (தோளில் பதியும் பின்பகுதி), கோட்டு போட்டதும் நீளமாகி அக்குளில் சிக்கும்.

துப்பாக்கியைத் திறந்து இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, ஆளில்லாத பக்கமாக ஒரு புள்ளியைப் பார்த்துக் கண்ணை மூடுங்கள். துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, கண்ணைத் திறங்கள். குழலின் மேலிருக்கும் பட்டையும் முனைமணியும் கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் அது உங்கள் அளவு. முனைமணி மறைந்துபோனால் உங்களுக்குக் கட்டை தாழ்வு. பட்டை ஒரு நீண்ட சாலைபோல் தெரிந்தால் உயரம். பத்து முறை செய்து பாருங்கள், பத்து முறையும் ஒரே மாதிரி வர வேண்டும்.

ஷாட்கனில் பின்பக்கக் குறிகாட்டி கிடையாது, உங்கள் கண்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதனால்தான் கட்டை பொருந்தாத விலையுயர்ந்த துப்பாக்கியைவிடப் பொருந்துகிற மலிவான துப்பாக்கி மேல் என்கிறேன். பிரவுனிங் சிட்டோரி, பெரெட்டா 686 வகைகள் 2,000 டாலரைத் தாண்டும். ஸ்டோகர் காண்டோர் அவற்றைவிட மிகவும் மலிவு. மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

படி 4: விசையும் தோட்டா வெளியேறும் விதமும்

எந்தக் குழல் முதலில் வெடிக்க வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கும் வசதி கட்டாயம் வேண்டும். பெரும்பாலும் அது பாதுகாப்புப் பொத்தானோடு சேர்ந்தே இருக்கும். கையுறையோடு அதை நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். சில துப்பாக்கிகளில் முதல் வெடியின் உதையால்தான் இரண்டாம் குழல் தயாராகும். அவற்றில் முதல் தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தும் பயனில்லை.

காலித் தோட்டாவைத் தூக்கி எறியும் வகையும் உண்டு, கையால் எடுக்க வசதியாகச் சற்றே உயர்த்தித் தரும் வகையும் உண்டு. சதுப்பு நிலத்துக்கு எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பிளாஸ்டிக் தண்ணீரில் மிதக்காமல் பைக்குள் வந்து சேரும்.

படி 5: சோக், ரவை

குழல் முனையில் திருகிப் பொருத்தும் குறுகலான வளையம்தான் சோக். வெளியே வரும் ரவைகள் எவ்வளவு விரிய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. 12 கேஜில் இம்ப்ரூவ்டு சிலிண்டர் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர், மாடிஃபைடு அரை, ஃபுல் ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் குழலைக் குறுக்கும்.

வாத்துக்கு ஈய ரவை அமெரிக்கா முழுவதும் 1991 முதல் தடை. சதுப்பில் விழுந்து கிடக்கும் ஈயத்தைப் பறவைகள் விழுங்கிச் செத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். இப்போது எஃகு, பிஸ்மத் போன்ற ஈயமல்லாத ரவைதான் போட வேண்டும். எஃகு நசுங்காது என்பதால் ஈயத்தைவிட நெருக்கமாகவே போகும். கீழ்க்குழலில் இம்ப்ரூவ்டு சிலிண்டர், மேல்குழலில் மாடிஃபைடு என்று வைத்தால் போதும். முதல் வெடி கீழ்க்குழலில். அதன் உதை தோளுக்கு நேராக வருவதால் முனை அதிகம் எகிறாது, விலகிப் பறக்கும் இரண்டாம் வாத்துக்கு மேல்குழல் தயாராக இருக்கும். பழைய துப்பாக்கி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அழகில் மயங்கி பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் சூப்பர்போஸ்டு வாங்கிவிட்டு அதில் எஃகு போடாதீர்கள். அதன் குழல்கள் எஃகுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஏப்ரல் வந்ததும் ஒரு குழலில் மட்டும் வான்கோழிக்கான இறுக்கமான சோக்கை மாட்டுங்கள். மற்றதில் விரிந்த சோக் இருக்கட்டும். சேவல் சத்தமில்லாமல் பதினைந்து கஜத்துக்குள் வந்து நின்றால், இறுக்கமான சோக்கில் ரவைக்கூட்டம் கைப்பிடி அளவுதான் விரிந்திருக்கும், எளிதில் தவறும். அப்போது பொத்தானை நகர்த்தினால் போதும். ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு இந்த வசதி கிடையாது.

படி 6: காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எனது முதல் ஓவர்-அண்டரில் மேல்குழல் நாற்பது கஜத்தில் அரை அடி இடப்பக்கம் அடித்தது. வாத்து வேட்டையில் எனக்கு அது தெரியவேயில்லை. வான்கோழி சீசனுக்கு முந்தின வாரம் காகிதத்தில் சுட்டபோதுதான் தெரிந்தது. சுடாமலே காட்டுக்குப் போயிருந்தால் ஒரு நல்ல சேவலைக் காயப்படுத்தி விட்டிருப்பேன்.

காது, கண் பாதுகாப்போடு, மணல்மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கி, நாற்பது கஜத்தில் பெரிய காகிதம் ஒட்டிச் சுடுங்கள். குழலுக்கு ஒரு காகிதம். வாத்துத் தோட்டாவுக்கு 30 அங்குல வட்டத்துக்குள் பெரிய ஓட்டையில்லாமல் ரவை பரவியிருக்கிறதா என்று பாருங்கள். வான்கோழித் தோட்டாவுக்கு 10 அங்குல வட்டத்துக்குள் நூறு ரவைகளாவது விழ வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் கணக்கு. நாற்பதில் விழவில்லையென்றால் முப்பத்தைந்து, முப்பது என்று கிட்டே வந்து சுடுங்கள். எந்தத் தூரத்தில் நூறு விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. நடுப்புள்ளிக்கு நேராக எந்தக் குழல் அடிக்கிறதோ, வான்கோழி சோக் அதற்கு.

சோக் டப்பா மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டி, எந்தக் குழல், எந்த சோக், எந்தத் தோட்டா, எத்தனை கஜம் என்று எழுதி வையுங்கள். தோட்டாவின் பிராண்டை மாற்றினால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி காகிதத்தில் சுடுங்கள்.